நாக்கு தடித்தவள்

எங்கள் பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டிரைவர், கண்டக்டர், தரை கூட்டுகிற அம்மா, தினமும் வந்துபோகிற காலேஜ் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு மைக், கடகடவென்று சுற்றுகிற ஒரு ஃபேன். அதற்கு அடுத்தது என் விசாரணை ஜன்னல். நடுவில் ஒரு தட்டிதான். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது பழுதாகி இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் அவள் மைக்கில் சொல்வாள். அதைக் காதில் வாங்காதவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் வள்ளென்று விழுவேன்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். பஸ் ஒரு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால் ஜனங்கள் சரி என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதையே நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒரு நாள், எங்கேயோ போக வந்த ஒரு அம்மாள் பையை நடைமேடையிலேயே போட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்து, மைக்கில் பேசுகிற பெண் யார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். விசாரணை ஜன்னல்தானே, விசாரிக்கட்டும் என்று நானும் சொன்னேன். அந்த அம்மாள்தான் பிறகு அக்காவுக்கு மாமியார் ஆனார். பையன் டயர் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசமாட்டார், ரொம்ப அமைதி என்றார்கள். அமைதியான ஆளிடம் என்ன கஷ்டம் என்பது அவரோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அக்காவுக்கு வந்தது எப்போது வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தினமும் பார்க்கிற முகத்தில் ஒன்றும் கண்ணில் படாது. முதலில் செருப்பு கடிக்கிறது என்று புதுசு வாங்கினாள். அதுவும் கடித்தது. அப்புறம் ஆண்கள் செருப்பாகப் பார்த்து வாங்கினாள். கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போய் விரல் நீலம் பாரித்ததும் நகைக்கடையில் போய் அறுத்து எடுத்தாள். நான் போட்ட மோதிரத்தை அறுத்துப் போட்டுவிட்டாளே என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் அக்காவின் முதுகு நனைந்திருக்கும். மைக்குக்குப் பக்கத்தில் எப்போதும் தலைவலி மாத்திரை அட்டை கிடக்கும். குறட்டை தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் நின்றேவிட்டது. குழந்தையும் இல்லை.

பிறகு குரலுக்கு வந்தது வினை. முதலில் போனது 'ழ'. ஏழாம் நடைமேடை என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு மடங்காது, ஏலாம் என்று வரும். அதற்குப் பின்னால் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆம்பளைக் குரல் மாதிரி அடிவயிற்றிலிருந்து வரும், வார்த்தைகள் வாய்க்குள்ளேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஜனங்கள் என் ஜன்னலுக்கு வந்து, உள்ளே பேசுவது ஆணா பெண்ணா என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். யாரோ ஒரு மகராசன் நிலைய மேலாளரிடம் போய், உங்கள் அறிவிப்புக்காரி குடித்துவிட்டு உளறுகிறாள் என்று புகார் கொடுத்தான். மேலாளர் நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஃபேனைப் பார்க்கிற சாக்கில் கண்ணாடி அறைக்குள் வந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? அன்று மாலை வரை அவள் மைக்கில் பேசினாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த மாதம் பதிவு செய்த குரல் ஒன்று வந்துவிட்டது, பொத்தானை அமுக்கினால் பேசும். அக்காவை, பயணிகள் மறந்துவிட்டுப்போன பொருள்களைப் போட்டுவைக்கிற அறைக்கு மாற்றினார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, யாரோ விட்டுப்போன ஊன்றுகோல். அந்த அறையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று மேலாளர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

வீட்டில் கதை வேறு மாதிரி ஓடியது. அவள் குரல் தடித்துப்போனதால், "சரிங்கத்தை" என்று சொன்னால்கூட மல்லுக்கு நிற்கிற மாதிரி கேட்கும். வார்த்தை சுளுவாக வராது, அதனால் அழுத்தி அழுத்திப் பேசுவாள். மாமியார் அதற்கு ஒரு பெயர் வைத்தார். என் மருமகளுக்கு நாக்கு தடித்துப் போச்சு. எதிர்த்துப் பேசுகிறவளை அப்படித்தானே சொல்வோம், கேட்டவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். தலைவலி என்று படுத்தால் தலைக்கனம் என்றார். நடக்கும்போது பக்கத்தில் இருப்பது தெரியாமல் தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிடுவாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். அதற்கு, கண்ணு மண்ணு தெரியாத திமிர் என்று பெயர். வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு டிவி பார்ப்பார். ஒரு நாளாவது, அம்மா சும்மா இருங்கள் என்றோ, உனக்கு என்னடி பண்ணுகிறது என்றோ அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முட்டி வலிக்கு ஒருவர் தைலமும் மாத்திரையும் கொடுத்தார். வியர்வைக்கு ஒருவர் பவுடர் எழுதினார். குறட்டைக்குப் போனால் உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டைப் பார்த்தார்கள், முழு ஆளை யாரும் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு நாள் அவள் அறையில் உட்கார்ந்து அத்தனை டாக்டரையும் வாயில் வந்தபடி திட்டினேன். அக்கா ஒரு குடையை மடக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சரியாகணும்னுகூட இல்லடி," என்றாள். "இது வியாதி, இவ குணம் இல்லன்னு ஒரே ஒரு டாக்டர் எங்க வீட்டுக்காரர் காதுல விழற மாதிரி சொல்லிட்டா போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த மனுஷனிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறாளே என்று எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

வழி திறந்தது பல் டாக்டரிடம். முன்பு பஸ் படியில் விழுந்து இரண்டு பல் போனபோது, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பல்செட் செய்து போட்டிருந்தாள். அது இப்போது வாயில் நிற்காமல் ஆடியது. அதைச் செய்துகொடுத்த டாக்டரிடமே எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மாட்டிப் பார்த்துவிட்டு, இது நான் செய்தது இல்லை, யாருடையதையோ மாற்றி எடுத்துவந்திருக்கிறீர்கள் என்று சிடுசிடுத்தார். அக்கா இல்லை என்றாள். மனுஷருக்கு ரோஷம் வந்து, அலமாரியைக் குடைந்து அவளுடைய பழைய பல் அச்சைத் தேடி எடுத்தார். பல்செட் அந்த அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாயில் உட்காரவில்லை. டாக்டர் அச்சைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். இந்த வயதில் தாடை வளரக்கூடாது, வளர்கிறது, உடனே ஒரு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் பிரிவும் சர்க்கரை நோய்ப் பிரிவும் ஒன்றுதான். ஹார்மோன் என்று சொன்னதும் அக்காவைச் சர்க்கரை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இருக்கத்தான் செய்தது. இளவயது டாக்டர் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் மாத்திரை எழுதி, நடங்க, இனிப்பைக் குறைங்க என்றார். பல் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டி அக்கா பேச ஆரம்பித்தாள். அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று. பேசியே பிழைத்தவளுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு திரும்பப் பல் டாக்டரிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பெரிய டாக்டரம்மாவுக்கே போன் போட்டு நேரம் வாங்கினார்.

இந்தத் தடவை மாமியாரும் கிளம்பிவிட்டார். ஹார்மோன் டாக்டர் என்றால் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் குழந்தை தங்கியதாம். ஃபிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு, மகனையும் கடையைப் பூட்டவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மட்டும் அக்காவை வாம்மா போம்மா என்று கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆளும் இல்லை.

டாக்டரம்மா களைத்துப்போய் இருந்தார். அறைக்குள் நான்கு பேர் நுழைந்ததைப் பார்த்து அவருக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். என்ன பண்ணுது என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா தொண்டையைச் செருமுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரு புழு பூச்சிகூட இல்லை, தேதியும் ஒழுங்காக வருவதில்லை என்று கணக்கு ஒப்பித்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதுவதைப் பார்த்த தெம்பில் மாமியார் மனதில் இருந்ததையும் கொட்டினார்.

"அப்புறம் டாக்டரம்மா, முக்கியமா இன்னொண்ணு. இவளுக்கு நாக்கு தடிச்சுப் போச்சு. அதுக்கும் ஏதாவது மருந்து இருந்தா சேத்து எழுதிடுங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டார். அது ஆச்சு நாலஞ்சு வருஷம் என்றார் மாமியார். டாக்டரம்மா எழுந்து வந்து, அக்காவின் நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. வாய்க்குள் இடம் போதாமல் அது பல்லோடு நெருக்கியடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

"ஆமா," என்றார் டாக்டரம்மா. "நல்லாவே தடிச்சிருக்கு."

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் எத்தனை திருப்தி! பாத்தியா, டாக்டரே சொல்றாங்க என்கிற பார்வை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்கா நாக்கை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் டாக்டரம்மா மாமியாரைப் பேச விடவில்லை. அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் வார்த்தை தடுக்கி நின்றபோதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்தார். தலைவலியா? ஆமாம். பக்கத்தில் இருப்பது தெரியாமல் இடித்துக்கொள்கிறீர்களா? ஆமாம். திட்டு என்று இத்தனை வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் வரிசையாக அறிகுறியாகிக்கொண்டே வந்தது. அந்தக் கிழவி ஒன்றைக்கூடத் தப்பாகக் கண்டுபிடிக்கவில்லை, அர்த்தம் மட்டும்தான் தப்பு.

பிறகு சோதனைகள். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கச்சொல்லி அடுத்தடுத்து ரத்தம் எடுத்தார்கள். கண் பிரிவில் ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், உள்ளே எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் தெரிந்ததற்கெல்லாம் அக்கா அமுக்கினாள். ஓரத்தில் புள்ளி வந்தபோது அவள் கை சும்மா இருந்தது. பக்கத்துத் திரையில் எனக்கு அந்தப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. கடைசியில் தலைக்கு ஸ்கேன். முடிவு சொல்லும் அன்று பழைய போட்டோக்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. குழந்தை விஷயம் அன்று தெரிந்துவிடும் என்று மாமியார் மறுபடியும் ஃபிளாஸ்கோடு வந்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது, பிட்யூட்டரி என்று பெயர், அதில் ஒரு கட்டி என்றார். புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வளர்ச்சிக்கான ஹார்மோனை அந்தக் கட்டி கொட்டிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்து முடித்த ஆளுக்குக் கையும் காலும் தாடையும் நாக்கும் மறுபடி வளர்வது அதனால்தான், குரல் மாறியதும் அதனால்தான். மாதவிலக்கு நின்றதற்கும் அதுதான் காரணம். கட்டி பார்வை நரம்பை அழுத்துவதால் இரண்டு பக்கமும் ஓரப் பார்வை போய்விட்டது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும், சீக்கிரம் செய்யவேண்டும். போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. கொஞ்ச வருஷம் முன்னால் வந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது என்றார்.

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். அடுத்து அவர் சொன்னதை அக்காதான் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டாளா, இல்லை எங்கள் நாலு பேரைப் பார்த்து அவருக்கே தோன்றியதா, எனக்குத் தெரியாது.

"இது வியாதிங்க. இவங்க குணம் இல்ல. புரியுதா?"

அக்கா தலையை முழுக்கத் திருப்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அப்படித் திருப்பினால்தான் அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர் தெரிவார். நானும் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அவர் காதில் விழுந்தாயிற்று.

"ஆபரேஷன் பண்ணா முகம் பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டார் அவர்.

எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், வீக்கம் கொஞ்சம் வடியும் என்றார் டாக்டரம்மா. மாமியார் அதற்குள் வேறு கணக்கில் இறங்கியிருந்தார். இது எப்போது வந்தது என்று கேட்டார். டாக்டரம்மா போட்டோக்களை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வளர்கிற நோய், கல்யாணச் சமயத்திலேயே ஆரம்பித்திருக்கலாம், அதற்கு முன்னாலும் இருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உண்மையைத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வராந்தாவுக்கு வந்ததும் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தார். அப்போ கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. அவங்க வீட்டுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான் மறைச்சிருக்காங்க. கல்யாண போட்டோவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார், நாலு பெரியவர்களிடம் காட்ட வேண்டுமாம். நேற்றுவரை வாயாடி, திமிர்பிடித்தவள். இன்றைக்கு ஏமாற்றி விற்ற பழுதான சரக்கு. வியாதி என்று ஒரு பெயர் கிடைத்தால் விடிந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாளே!

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அக்காவிடம் அவர் அன்று கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்க வீட்ல முன்னாடியே தெரியுமா?"

அக்கா மிச்ச போட்டோக்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். மாமியார் விடவில்லை. "ஒண்ணும் தெரியாத பிள்ளைன்னு பாத்து, நோய்க்காரியை என் பையன் தலையில கட்டிட்டாங்களே," என்று போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.

அக்கா எழுந்து நின்றாள். அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையையும் நாக்கில் ஏற்றி இறக்கி, நடைமேடை எண் சொல்வது போல் நிதானமாகச் சொன்னாள்.

"கட்டி என் தலையிலதான் அத்தை இருக்கு. உங்க பையன் தலையில ஒண்ணுமே இல்ல."

நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர், வாங்கம்மா போகலாம் என்று தாயைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். ஃபிளாஸ்கை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு அக்காவின் அண்ணன் வந்து கூட இருந்தார், நான் வேலைக்கு நடுவே போய்வந்தேன். கட்டியை எடுத்துவிட்டார்கள். தலைவலி விட்டது. வலது ஓரம் கொஞ்சம் தெரிகிறது, இடது ஓரம் தெரியவில்லை. குரல் அப்படியேதான் இருக்கிறது. மூக்கில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்த அன்று, ஊசி போட வந்த நர்ஸம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் ஒரு தடவைகூட வரலையே, அவருக்கும் உடம்புக்கு ஏதாவது முடியலையா என்று அக்கறையாகக் கேட்டார்.

"அவர் உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அக்கா. "வியாதின்னா குணமாகும். அவருக்கு அது குணம்."